ஒருசந்தியும் சுத்தபோசனமும்

ஒருசந்தி என்பது நாளில் ஒருவேளை மட்டும் முழு உணவு உண்ணும் கத்தோலிக்க நோன்பு. சுத்தபோசனம் என்பது இறைச்சி தவிர்த்தல். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டப்படி திருநீற்றுப் புதனிலும் பெரிய வெள்ளியிலும் இரண்டும் கடமை. சுத்தபோசனம் 14 வயது நிறைந்தவர்களுக்கு உரியது. ஒருசந்தி 18 வயது நிறைந்தவர்களுக்கு.

மீன் சாப்பிடலாமா என்பதே தேவகோட்டை போன்ற ஊர்களில் எழும் வாதம். சட்டம் விலக்குவது இறைச்சியை மட்டுமே. மீனுக்கும் முட்டைக்கும் தடையில்லை. ஆனால் தமிழ் வழக்கில் மீனும் கவிச்சிதான். 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகரும், 1693இல் ஓரியூரில் (இன்றைய சிவகங்கை மறைமாவட்டம்) கொல்லப்பட்ட அருளானந்தரும் இந்நாட்டுத் துறவியரைப் போல மரக்கறி உணவையே உண்டனர். எனவே தவக்காலம் முழுதும் மீனையும் விடுவது நல்ல மரபு. அதைச் சட்டமாக்கிப் பிறரைப் பழிப்பது தவறு. 59 வயது நிறைந்தவர்களுக்கு (நானும் அவர்களுள் ஒருவன்) ஒருசந்திக் கடமையே இல்லை. மாத்திரை விழுங்கும் முதியவரைப் பட்டினி கிடக்கச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை.