அரிசித் தட்டிலும் ஒரு படிக்கல்

1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது, மாமா தன் கடைத் தராசைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். கொடிகாமத்தில் ஓலைக் கொட்டில் ஒன்றில் மறுபடி கடை போட்டபோதுதான் தெரிந்தது, படிக்கற்களில் ஐந்து கிலோவும் ஒரு கிலோவும் மட்டுமே மிஞ்சியிருந்தன.

ஒரு அம்மா நாலு கிலோ அரிசி கேட்டார். மாமா ஐந்து கிலோக் கல்லை ஒரு தட்டில் வைத்தார். மற்றத் தட்டில் ஒரு கிலோக் கல்லை வைத்து, அதனோடு அரிசியைக் கொட்டினார்.

"என்ன தம்பி, அரிசியோடயும் கல்லை வைச்சு நிறுக்கிறீர்?"

"அஞ்சில ஒண்டு போனால் நாலுதானே அம்மா."

அவர் நம்பவில்லை. அவரைக் குறை சொல்லவும் ஏலாது. கையில் மிஞ்சிய காசில் வாங்கும் அரிசி அது. ஒரு கிலோக் கல்லால் நாலு தரம் நிறுத்துக் காட்டிய பிறகுதான் பையை வாங்கினார்.

கணிதம் படிப்பிக்க வந்த பிறகுதான் மாமா செய்தது ஓர் எண்முறை என்று எனக்கு விளங்கியது. நாங்கள் வழக்கமாக எழுதுவது அடி பத்தில். அடி மூன்றில் எழுதினால் இலக்கங்கள் 0, 1, 2. அதில் 2ஐ நீக்கி −1ஐச் சேர்த்தால் கிடைப்பது சமநிலை அடி மூன்று. கல் எதிர்த் தட்டில் இருந்தால் 1, அரிசியோடு இருந்தால் −1, தராசில் இல்லாவிட்டால் 0.

கற்கள் 1, 3, 9, 27 கிலோ என்று வைப்போம். 1, 3 இரண்டாலும் 1 முதல் 4 வரை நிறுக்கலாம். 9ஐச் சேர்த்தால் 9−4 ஆகிய 5 முதல் 9+4 ஆகிய 13 வரை போகலாம். 27ஐச் சேர்த்தால் 14 முதல் 40 வரை. நாலே நாலு கல்லில் நாற்பது நிறைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரேயொரு வழி. துவித எண் முறையில் 1, 2, 4, 8 என்று ஒரே தட்டில் மட்டும் வைத்தால் 15க்கு மேல் போகாது.

20 கிலோ எப்படி? மூன்றால் வகுத்தால் ஈவு 6, மீதி 2. மீதி 2 வந்தால் கல்லை அரிசியோடு வைத்து, ஈவில் ஒன்றைக் கூட்ட வேண்டும். 7ஐ வகுத்தால் ஈவு 2, மீதி 1. 3 கிலோக் கல் எதிர்த் தட்டுக்கு. 2ஐ வகுத்தால் மறுபடி மீதி 2. 9 கிலோக் கல் அரிசியோடு, ஈவு 1 ஆகும். அந்த 1 தான் 27 கிலோக் கல். 27−9+3−1=20.

எனக்குப் பிடித்தது ஒன்றுண்டு: நிறை இரட்டையென்றால் பாவிக்கும் கற்களும் இரட்டை, ஒற்றையென்றால் ஒற்றை. கற்கள் எல்லாம் ஒற்றை எண்கள் என்பதால் அது தவறாது. பிள்ளைகள் விடையைச் சரிபார்க்க இது நல்ல வழி. கற்களின் தட்டுகளை மாற்றினால் எண் எதிர்க்குறி பெறும்; சய அடையாளம் தனியாகத் தேவையில்லை. 1958இல் மொஸ்கோ அரச பல்கலைக்கழகத்தில் நிக்கொலாய் புருசென்ற்சோவ் குழுவினர் உருவாக்கிய 'சேத்துன்' கணினி இந்த முறையில்தான் இயங்கியது. அதில் ஏறக்குறைய 50 கணினிகள் செய்யப்பட்டன.

மாமாவிடம் இரண்டு கிலோ கேட்டால் ஒரு கிலோவை இரண்டு தரம் நிறுக்க வேண்டியிருந்தது. ஐந்துக்குப் பதில் மூன்று கிலோக் கல் மிஞ்சியிருந்தால், நாலு வரைக்கும் எதையும் ஒரே தரத்தில் நிறுத்திருப்பார்.