குமிழி நின்றால் போதாது

ராத்திரி இரண்டரை மணிக்கு மாடிப்படிக்குக் கீழே இருக்கும் அலமாரியில் ‘டப்’ என்று ஒரு சத்தம். “ஏங்க, கீழே யாரோ…” என்று மனைவி உலுக்கினாள். நான் இறங்குவதற்குள் இன்னொரு ‘டப்’. திருடன் இல்லை, பத்து நாளுக்கு முன் நான் பாட்டிலில் அடைத்த பீர்தான். கதவைத் திறந்தால் செருப்புகளெல்லாம் நுரையில் ஊறிக் கிடக்கின்றன; குடைத் துணியில் கண்ணாடிச் சில்லு குத்தி நிற்கிறது.

கோவென்ட்ரிக்குக் குடிவந்த இரண்டாம் வருஷம் அது. இங்கிலாந்தில் சொந்த உபயோகத்துக்கு பீர் காய்ச்ச 1963 முதல் உரிமம் வேண்டியதில்லை, விற்கத்தான் கூடாது. எனக்கு இதைப் பழக்கியவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். மறுநாள் சில்லுகளைக் கொட்ட வெளியே வந்தவனை வேலிக்கு மேலாகப் பார்த்து, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டாமல் கதவைத் திறந்ததற்கு முதலில் திட்டினார். பிறகு ஒரே கேள்வி: “எந்த எண்ணில் அடைத்தீர்கள்?”

எண்ணா? வாளி மூடியில் செருகியிருக்கும் ஏர்லாக் குமிழி விடுவதை நிறுத்தியது, அடைத்துவிட்டேன்.

அம்மா இட்லி மாவை மோந்து பார்த்தே பதம் சொல்லிவிடுவாள். அந்தத் தைரியத்தில்தான் நானும் கண்ணை நம்பினேன். மாவு கூடுதலாகப் புளித்தால் ஊத்தப்பம் ஊற்றலாம். கள்ளுக்கும் இந்தக் கவலை கிடையாது, இறக்கிய அன்றே தீர்ந்துவிடும். மூடியிட்டு அடைக்கிற பீருக்குத்தான் இந்த வம்பு.

ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் தருகிறது. ஆனால் மூடி சரியாக அமராமல் வாயு ஓரமாகக் கசிந்தாலும் குமிழி நிற்கும். அறை குளிர்ந்து ஈஸ்ட் சோம்பிப் படுத்தாலும் நிற்கும். நவம்பரில் ராத்திரி ஹீட்டரை அணைத்துவைக்கும் எங்கள் வீட்டில் நடந்தது அதுதான். மாறாக, நொதித்து முடிந்த பீர்கூட, வீடு சூடானதும் உள்ளே கரைந்திருந்த வாயுவை விட்டுக் குமிழி காட்டி ஏமாற்றும்.

நம்ப வேண்டியது ஹைட்ரோமீட்டரை. அடியில் கனம் வைத்த கண்ணாடிக் குழாய். சர்க்கரை நிறைய இருந்தால் உயர்ந்து மிதக்கும், குறையக் குறைய அமிழும். வெறும் தண்ணீரில் 1.000 காட்டும். நான் காய்ச்சும் ஏல் வகை பீர் 1.048-ல் தொடங்கி 1.012 பக்கம் நிற்கும். இந்த வித்தியாசத்தை 131-ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சதவீதம், ஏறக்குறைய 4.7. ஈஸ்ட்டால் தின்ன முடியாத சத்தும் மால்ட்டில் கொஞ்சம் இருப்பதால் 1.000 வரை இறங்காது; நாக்கில் பீர் தண்ணீராகத் தெரியாமல் இருப்பதும் அதனால்தான்.

மாதிரியைக் குறுகலான ஜாடியில் ஊற்றி, ஹைட்ரோமீட்டரை ஒரு சுழற்று சுழற்றி விடுவேன். ஒட்டியிருக்கும் குமிழிகள் உதிராவிட்டால் அவை அதைத் தூக்கிப் பிடித்து எண்ணைக் கூட்டிக் காட்டும். பார்த்த மாதிரியை வாளியில் திரும்ப ஊற்றக் கூடாது, கிருமி சேரும். அதனால் குடித்துவிடுவேன். வெண்ணெய் வாடை அடித்தால் எண் சரியாக இருந்தாலும் இன்னும் சில நாள் விடுவேன். அந்த வாடையை ஈஸ்ட்டே திரும்ப இழுத்துக்கொள்ளும்.

இரண்டு மூன்று நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். 1.020-ல் இரண்டு முறை நின்றாலும் எனக்குச் சந்தேகம்தான். வாளியைச் சூடான அறைக்கு மாற்றி, மெல்ல அசைத்துவிட்டு மறுபடி பார்ப்பேன்.

நுரை வருவதற்காக அடைக்கும்போது லிட்டருக்கு ஐந்தாறு கிராம் சர்க்கரை நாமே போடுகிறோம். 1.012-க்கு வர வேண்டியதை 1.016-லேயே அடைத்தால், அந்தச் சர்க்கரை தருவதைவிடக் கூடுதலான வாயு மிச்சமிருக்கும் சர்க்கரையிலிருந்தே வந்து சேரும். பாட்டில் எவ்வளவுதான் தாங்கும்?

இப்போதும் ஒரு வாளி இருக்கிறது. செவ்வாய்க்கிழமை 1.014. இன்று, வியாழன், 1.013. கழுவிய நாற்பது பாட்டில்கள் சமையல் மேடை முழுக்கக் கவிழ்ந்து நிற்கின்றன.

“இன்னைக்காவது அடைச்சு எடுத்துடுவீங்களா? குக்கர் வைக்க இடமில்லை” என்கிறாள் மனைவி.

சனிக்கிழமை பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.