பின்பல்லைக் கடி, அம்மிணி

விழுந்த பால்பல்லைச் சாணத்தில் பொதிந்து ஓட்டின்மேல் எறிந்தாகிவிட்டது. எருத்தேன்பதித் திண்ணையில் உட்கார்ந்து பேத்தியின் வாயைப் பார்த்த அம்மாயிக்கு இப்போது வேறு கவலை. புதிதாக முளைத்த இரண்டு முன்பற்களும் விசிறிபோல் விரிந்து நிற்கின்றன. நடுவில் அரிசி நுழைகிற சந்து. விளிம்போ ரம்பம் மாதிரி மேடும் பள்ளமுமாக இருக்கிறது. “இதுக்குக் கம்பி போடோணுங்களா?”

எட்டு வயதில் பெரும்பாலும் வேண்டாம். மேல் கோரைப்பற்கள் இன்னும் எலும்புக்குள் இருக்கின்றன. கீழே இறங்கும் வழியில் அவை பக்கத்துப் பற்களின் வேரை நெருக்குவதால் முன்பற்களின் நுனி விரிகிறது. பதினொன்று, பன்னிரண்டு வயதில் கோரைப்பல் வந்து அமர்ந்ததும் சந்து தானே மூடிக்கொள்ளும். இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் அகலமென்றால்தான் சந்தேகம். ஹாலி பிராட்பென்ட் என்ற அமெரிக்கர் 1937இலேயே இதற்கு ‘அழகற்ற வாத்துக்குஞ்சுப் பருவம்’ என்று பேர் வைத்துவிட்டார். ரம்ப விளிம்பும் கடித்துக் கடித்துத் தேய்ந்துவிடும். பத்து, பதினொரு வயதிலும் தேயாமல் இருந்தால் மேலும் கீழும் முன்பற்கள் ஒன்றையொன்று தொடவே இல்லை என்று அர்த்தம். விரல் சூப்பும் பழக்கம் விடாத பிள்ளைகளிடம் இதைப் பார்க்கலாம்.

அதே திண்ணையில் அவளுடைய தம்பியும் உட்கார்ந்திருப்பான். ஏழு வயது, கோத்து வைத்தாற்போல் வரிசை. அவனைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. ஆனால் “பின்பல்லைக் கடி, கண்ணு” என்று சொல்லிப் பாருங்கள். முன்பற்கள் முதலில் நுனியோடு நுனி முட்டும், பிறகு கீழ்த்தாடை முன்னால் வழுக்கிக்கொண்டு போய், கீழ்ப்பல் மேல்பல்லுக்கு வெளியே நிற்கும். அக்காவைவிட இவனைத்தான் முதலில் கூட்டிக்கொண்டு போகவேண்டும். இந்த வயதில் கழற்றி மாட்டுகிற ஒரு தட்டிலேயே சில மாதங்களில் திருப்பிவிட முடிவதுண்டு. தாடை எலும்பே அப்படி வளர்ந்துவிட்டால், வளர்ச்சி நின்ற பிறகு அறுவைசிகிச்சைவரை போக நேரலாம். நாம் சிரிப்பைப் பார்த்தே பழகிவிட்டோம், கடிப்பைப் பார்ப்பதில்லை. தெத்துப்பல் அதிர்ஷ்டம் என்று சொல்லும் ஊரில் இது ஆச்சரியமில்லைதான்.

மேல் முன்பல் கீழ்ப்பல்லைவிட இரண்டு, மூன்று மில்லிமீட்டர் முன்னால் இருப்பது இயல்பு. ஒரு பென்சில் கனத்துக்கு, அதாவது சுமார் ஏழு மில்லிமீட்டர் துருத்தியிருந்தால் அழகு ஒருபக்கம் இருக்கட்டும், சைக்கிளிலிருந்து விழுந்தால் முதலில் உடைவது அந்தப் பல்தான். பத்து வயதில் மேல் ஈறின்மேல், கோரைப்பல் வரவேண்டிய இடத்தில் விரல் வைத்தால் இருபக்கமும் ஒரு புடைப்புத் தட்டுப்படவேண்டும். ஒருபக்கம் மட்டும் இல்லையென்றால் அந்தப் பல் அண்ணத்துப் பக்கம் வழி தவறிப் போயிருக்கலாம். எக்ஸ்ரே எடுத்தால் தெரிந்துவிடும். வாயைத் திறந்தபடியே தூங்கி, குறட்டையும் விடுகிற பிள்ளைக்கு மூக்கையும் தொண்டைச் சதையையும் பார்க்கச் சொல்வார்கள்.

வீடுகளில் அதிகம் நடக்கும் பிழை வேறு. ஆறு வயதில் எந்தப் பல்லும் விழாமலே, பால்பற்களுக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். அது ஆயுளுக்கும் இருக்கவேண்டிய பல் என்பது பலருக்குத் தெரியாது. அதற்கு முன்னால் நிற்கும் பால் கடைவாய்ப்பல் பத்து, பன்னிரண்டு வயதுவரை இருந்தாகவேண்டும். சொத்தையானால் “பால்பல்தானே, விழப்போறதுதானே” என்று பிடுங்கிவிடுகிறோம். காலியான இடத்துக்குள் பின்பல் மெல்ல நகர்ந்து வந்துவிடும். பிறகு வரும் பல்லுக்கு இடமில்லை. பிடுங்கித்தான் ஆகவேண்டுமென்றால் அந்த இடத்தைக் காக்க ஒரு சிறு கம்பி வளையம் போடலாம். கேட்டால் செய்வார்கள், நாம்தான் கேட்பதில்லை.

எங்கள் பக்கத்துக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவின் இந்தக் கிழக்கு ஓரம் மழை குறைந்த பூமி. குடிக்க ஆழ்துளைக் கிணற்றை நம்பிய வீடுகள் ஏராளம். பல இடங்களில் அந்தத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் உச்சவரம்பு. எனாமல் உருவாகும் எட்டு வயதுக்குள் அதற்குமேல் உடம்பில் சேர்ந்துகொண்டே இருந்தால் பல்லில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையும் விழும். கம்பி போடும்போது பல்லை அமிலத்தால் சொரசொரப்பாக்கித்தான் சிறு உலோகத் துண்டுகளை ஒட்டுவார்கள். ஃபுளோரைடு ஏறிய எனாமல் அந்த அமிலத்துக்கு எளிதில் மசியாது, ஒட்டு சரியாகப் பிடிக்காது. துண்டு ஒவ்வொரு முறை கழன்று விழும்போதும் பொள்ளாச்சிக்கோ பாலக்காட்டுக்கோ மறுபடியும் பஸ் ஏறவேண்டும். எந்தத் தண்ணீர் குடித்து வளர்ந்த பிள்ளை என்று முதல் நாளே மருத்துவரிடம் சொல்லிவிட்டால், பல்லைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பதப்படுத்தி ஒட்டுவார்.

“அப்போ கம்பி போட்டா கறையும் போயிருங்களா?” என்று அம்மாயி கேட்பார். போகாது. கம்பி பல்லை நகர்த்தும், நிறத்தை மாற்றாது. கறைக்கு மருத்துவம் தனி, அதற்குச் செலவும் தனி.