உரத்தின் கழிவும் சிறு வீடும்

வயலுக்கு வேண்டிய பாஸ்பேட் உரத்தைச் செய்யும் ஆலைகளில், பாறைக் கனிமத்தைக் கந்தகத் திராவகத்தில் கரைக்கையில் ஜிப்சம் மலைபோல் மிஞ்சுகின்றது. இக்கழிவைச் சுட்டு நீர் நீக்கிக் கண்ணாடி நாருடன் வார்த்தால், உள்ளே கூடுகளுள்ள சுவர்ப் பலகை கிடைக்கும். ஒரு பலகை 12 மீட்டர் நீளமும் 3 மீட்டர் உயரமும் 124 மில்லிமீட்டர் கனமும் உடையது. 2013-ஆம் ஆண்டில் சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில், இப்பலகைகளால் நான்கு குடியிருப்புகள் கொண்ட இரண்டடுக்கு மாதிரிக் கட்டிடம் ஏறக்குறைய ஒரு மாதத்தில் எழுப்பப்பட்டது.

இம்முறையில் செங்கல்லின் தேவை குறைவதால், சூளைக்கென வளமான மேல்மண்ணை வெட்டுவதும் குறையும். குடியானவருக்கு இது சிறு நன்மையன்று.

ஆயினும் எண்ணூருக்குத் தெற்கேயுள்ள கொடுங்கையூர் போன்ற தாழ்ந்த பகுதிகளில் சிறு வீடு கட்டுவோர் சிலவற்றைக் கவனித்தல் அவசியம். வெள்ளம் ஏறிய மட்டத்திற்கு மேல் கான்கிரீட் பீடம் அமைத்து, அதன்மீதே பலகையை நிறுத்தவேண்டும். வேண்டிய கூடுகளில் கம்பியிட்டுக் கான்கிரீட் நிரப்பவேண்டும். இணைப்புகளிலும் குளியலறையிலும் நீர்க்காப்புப் பூச்சு இன்றியமையாதது. கழிவு ஜிப்சத்தில் நுண்ணளவு கதிரியக்கம் இருக்கக்கூடுமாதலால், சோதித்துச் சான்று பெற்ற பலகையையே வாங்குக. சுவரில் மிச்சப்படுத்தலாம், பீடத்தின் உயரத்தில் மிச்சப்படுத்தலாகாது.