இரண்டாவது முறை ஏன் ரத்தம் எடுக்கிறார்கள்?

திண்டுக்கல் மாவட்டத்து ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் விடியற்காலை மூட்டை இறக்கும் ஒருவருக்கு நெஞ்சில் யாரோ ஏறி மிதிப்பதுபோல் இருக்கிறது என்று வையுங்கள். "வாயுதாண்ணே, ஒரு சோடா குடிங்க" என்பார் பக்கத்துக் கடைக்காரர். பல சமயம் அது வாயுவாகவே இருந்து தொலைவதுதான் சிக்கல். வேர்த்துக் கொட்டி, வலி தாடைக்கும் இடது கைக்கும் பரவிய பிறகே ஆஸ்பத்திரி ஞாபகம் வரும்.

அங்கே முதலில் இசிஜி. அதில் ரத்தக்குழாய் முழுசாக அடைத்திருப்பது தெரிந்தால், ரத்தப் பரிசோதனைக்காகக் காத்திருக்கக் கூடாது. சிகிச்சையை உடனே தொடங்க வேண்டும். இசிஜி பிடிகொடுக்காத ஆட்களுக்குத்தான் ட்ரோபோனின் பரிசோதனை.

ட்ரோபோனின் என்பது தசை இழைக்குள் இருக்கும் புரதம். தசை சுருங்குவதற்குக் கால்சியம் தரும் சமிக்ஞையை வாங்கிக்கொள்வது இதன் வேலை. 1965இல் ஜப்பானில் செட்சுரோ எபாஷியும் அயாகோ கொடாமாவும் இதைக் கண்டறிந்தார்கள். இதன் ஐ, டி என்ற இரு பகுதிகள் இதயத்தில் ஒரு வடிவிலும் கைகால் தசையில் வேறு வடிவிலும் இருக்கின்றன. அந்த வேறுபாடுதான் நமக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். மாரடைப்பைக் கண்டுபிடிக்க 1950களில் ரத்தத்தில் எஸ்ஜிஓடி என்ற நொதியைப் பார்த்தார்கள். அது கல்லீரல் கெட்டாலும் ஏறும். அடுத்து வந்த சிகே-எம்பி நொதி, கடுமையாக உடல் வருத்தி உழைத்தாலே ஏறக்கூடியது. மூட்டை தூக்குகிறவரிடம் அதை வைத்து என்ன முடிவுக்கு வருவது? 1980களின் இறுதியில் ஜெர்மனியின் ஹூகோ கட்டுஸ் ட்ரோபோனின் டி பரிசோதனையை உருவாக்கினார். 2000இல் ஐரோப்பிய, அமெரிக்க இதயநோய் அமைப்புகள் மாரடைப்பின் வரையறையையே ட்ரோபோனினை வைத்துத் திருத்தி எழுதின.

சின்ன ஆஸ்பத்திரிகளில் இந்தப் பரிசோதனை உள்ளங்கையில் அடங்கும் ஒரு கார்டு. குழியில் ரத்தத்தைச் சொட்டுவிட்டு, கால் மணி நேரம் பார்த்திருக்க வேண்டும். பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல்லில் இதைப் பூட்டு சாவியாகச் சொன்னால் எளிது. ஆனால் இது பேங்க் லாக்கர் போல, இரண்டு சாவி கேட்கும் பூட்டு. தங்கத் துகள் ஒட்டிய எதிர்ப்புரதம் (ஆன்டிபாடி) ஒன்று ட்ரோபோனினைப் பற்றிக்கொண்டு நகரும். கோட்டில் காத்திருக்கும் இன்னொன்று அதே ட்ரோபோனினை மறுபக்கம் பிடித்து நிறுத்தும். துகள்கள் அங்கே சேர்ந்து இளஞ்சிவப்புக் கோடாகத் தெரியும். ட்ரோபோனின் இல்லையென்றால் தங்கம் நிற்காமல் போய்விடும். பக்கத்தில் உள்ள கட்டுப்பாட்டுக் கோடு எப்போதும் விழ வேண்டும். அதுவே விழாவிட்டால் கார்டைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு எடுக்க வேண்டியதுதான்.

மாரடைப்பில் செத்த இதயத் தசையிலிருந்து ட்ரோபோனின் உடனே கொட்டிவிடாது. கார்டு காட்டும் அளவுக்கு அது ரத்தத்தில் சேர 3, 4 மணி நேரமாவது ஆகும். ஆகவே வலி வந்த ஒரு மணி நேரத்தில் "கோடு விழலை" என்றால் தப்பித்தோம் என்று அர்த்தமில்லை. பெரிய ஆஸ்பத்திரி இயந்திரங்கள் லிட்டருக்கு 14 நானோகிராம் அளவையே எல்லைக்கோடாக வைத்து ட்ரோபோனின் டியைப் பார்க்கின்றன. நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. அந்த இயந்திரங்களில் முன்னதாகவே தெரியும். அங்கேயும் ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் மறுபடி ரத்தம் எடுப்பார்கள். "பில்லை ஏத்துறாங்க" என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. இந்த விஷயத்தில் அந்தச் சந்தேகம் தப்பு. சிறுநீரகம் பழுதானவருக்கு எண் எப்போதுமே கூடுதலாக இருக்கலாம், ஆனால் பெரிதாக அசையாது. மாரடைப்பில் அது மளமளவென்று ஏறும், பிறகு இறங்கும். ஒரு தடவை எடுத்தால் அந்த ஓட்டம் எப்படித் தெரியும்?

பெரிய ஆஸ்பத்திரி தூரமென்றாலும் வழி உண்டு. தமிழக அரசின் 'இதயம் காப்போம்' திட்டம் 2023இல் வந்தது. மாரடைப்பு அறிகுறியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவருக்கு ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரல் 4, அட்டார்வஸ்டாடின் 8 என 14 மாத்திரைகளை அங்கேயே கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் ஏற்பாடு இது. மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரி திண்டுக்கல்லிலிருந்து 60 கிலோமீட்டருக்கு மேல். அந்தத் தூரத்தை வெறும் வயிற்றில் சோடாவோடு கடக்க வேண்டியதில்லை.

நெஞ்சு வலித்தால் 108ஐ அழையுங்கள். வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைக் கூட இருப்பவர் குறித்துக்கொள்ளட்டும். கார்டில் விழாத கோட்டுக்கு என்ன அர்த்தம் என்று டாக்டர் அந்த நேரத்தை வைத்துத்தான் கணக்குப் போடுவார்.