ஆற்றுக்கு அந்தப் பக்கம் சில எண்கள்

ஏழாம், எட்டாம் வகுப்புத் தம்பி தங்கைகளே, மதிய இடைவேளையில் உங்களுக்குக் கணக்கு சொல்லித்தரும்போது அடிக்கடி வரும் கேள்வி இது: “அக்கா, பை மதிப்பு 22/7. அது பின்னம். அப்போ பை விகிதமுறு எண்தானே? புத்தகத்துல ஏன் விகிதமுறா எண்ணுன்னு போட்டிருக்கு?” இதுல குழம்பினா ஒரு மார்க் மட்டும் போகாது, மெய்யெண்கள் பாடமே குழம்பிடும்.

முதல்ல நம்ம ஊர் வரைபடத்தை மனசுல வச்சுக்கோங்க. வடக்கு மாட வீதிக்காரங்க மயிலாப்பூர்க்காரங்களும்தான், சென்னைக்காரங்களும்தான். அதேபோல 5 ஓர் இயல் எண். முழு எண், முழு, விகிதமுறு எண், மெய்யெண் எல்லாமும் அதுதான். உட்கணம் என்றால் இவ்வளவுதான். 0 சேர்ந்தால் முழு எண்கள். குறை எண்களும் சேர்ந்தால் முழுக்கள் (தி.நகரில் சில கடை லிஃப்டில் தரைக்குக் கீழ்த்தளத்துக்கு -1 என்று போட்டிருப்பார்களே!). பின்னங்களும் சேர்ந்தால் விகிதமுறு எண்கள். நம் தாத்தாக்களின் தாத்தாக்கள் 1/320-க்குக்கூட ‘முந்திரி’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

இதெல்லாம் அடையாறு ஆற்றுக்கு வடக்கே. தெற்கே பெசன்ட் நகர், திருவான்மியூர் இருக்கு. அவையும் சென்னைதான், ஆனா மயிலாப்பூருக்குள்ள வராது. விகிதமுறா எண்கள் அப்படித்தான். இரு கரையும் சேர்ந்ததுதான் மெய்யெண்கள்.

அங்கே யார் குடியிருக்கா? மார்கழிக் கோலத்தில் நாலு புள்ளியைச் சதுரமா வைங்க. பக்கம் 1 என்றால் மூலைவிட்டம் √2. அதைப் பின்னமா எழுதிப் பார்ப்போம். 7/5? வர்க்கம் 49/25, 50/25 வந்தால்தான் 2. ஒண்ணு குறையுது. 17/12? 289/144, 288 வேணும், ஒண்ணு கூடுது. சுல்ப சூத்திரக் காலத்திலேயே 577/408 என்று கண்டுபிடித்தார்கள். அதன் வர்க்கம் 332929/166464, வேண்டியது 332928. அப்பவும் ஒண்ணு கூடுது!

இன்னும் பெரிய பின்னம் கிடைச்சா சரியாகிடுமா? ஆகாது. ஓர் எண்ணின் வர்க்கத்தைப் பகாக் காரணிகளாப் பிரிச்சா 2 இரட்டைப்படைத் தடவைதான் வரும் (ஒரு தடவையும் வராவிட்டால் 0, அதுவும் இரட்டைப்படை). √2 = அ/ஆ என்றால், அ-வின் வர்க்கம் = 2 × ஆ-வின் வர்க்கம். இடப்பக்கம் 2 இரட்டைப்படைத் தடவை, வலப்பக்கம் ஒற்றைப்படைத் தடவை. எப்படிச் சமமாகும்?

இப்போ பைக்கு வருவோம். 22/7 = 3.142857… ; பை = 3.141592… மூணாவது தசமத்திலேயே பிரிஞ்சிடுது. வினாத்தாளில் ‘பை = 22/7 எனக் கொள்க’ என்று இருக்கும். அந்தக் ‘கொள்க’வை யாரும் படிக்கிறதில்ல! பை பின்னமே ஆகாது என்று 1761-இல் லாம்பர்ட் நிரூபித்தார். அந்த நிரூபணம் நமக்கு இப்போ எட்டாது. ராமானுஜன் சென்னையில் இருந்தபோது, 1913-இல் இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழில், 355/113-ஐ வைத்து வட்டத்துக்கு ஏறக்குறையச் சமமான பரப்புள்ள சதுரம் வரையும் வழி எழுதினார். வட்டத்தின் பரப்பு 1,40,000 சதுர மைல் (தமிழ்நாட்டைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல்!) என்றாலும் சதுரத்தின் பக்கம் சுமார் ஓர் அங்குலம்தான் கூடுமாம். அந்த ஓர் அங்குலம் போதும், 355/113-உம் பை இல்லை என்று சொல்ல.

உங்களுக்கு ஒரு வேலை: √9, 0.3333…, 0.1010010001… இந்த மூணில் எது ஆற்றுக்குத் தெற்கே? காரணத்தோடு எழுதி வெள்ளிக்கிழமைக்குள் ஒன்பதாம் வகுப்பில் கொடுங்க.