கூதிர்க் காலத்து நறுமணம்

பழந்தமிழ் நகரொன்றில் கூதிர்க் காலம். வாடைக் காற்று வீசுகின்றது. வேனிலில் திறந்திருந்த பலகணிகள் இப்போது அடைபட்டுக் கிடக்கின்றன. அழகிய விசிறிகள் சுருக்கித் தொங்கவிடப்பட்டு, அவற்றின்மேல் சிலந்தி நூல் பின்னியிருக்கின்றது. குறுகிய வாயுடைய கலங்களிலுள்ள குளிர்ந்த நீரைப் பருகுவார் இல்லை. யாவரும் நெருப்புச் சட்டியை நாடுகின்றனர். சந்தனம் அரைக்கும் வட்டக் கல்லும் வேலையின்றி ஒருபுறம் கிடக்கின்றது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய நெடுநல்வாடையில் நக்கீரர் காட்டும் காட்சி இது.

சந்தனத்தை விட்டமையால் அந்நகரத்தார் நறுமணத்தையே துறந்துவிட்டனர் என்று எண்ணற்க. மகளிர் மாலை சூடாமல் சில மலர்களை மட்டுமே கூந்தலில் செருகினர். தகர விறகில் தீ மூட்டி, வயிரம் பாய்ந்த அகிற்கட்டையோடு கண்டசருக்கரையையும் இட்டுப் புகைத்து, அப்புகையைக் கூந்தலுக்கு ஊட்டினர். பருவம் மாறியது, பூசும் மணமும் மாறியது.

இம்மாற்றத்திற்குக் காரணம் உண்டு. மணம் என்பது ஒரு பொருளிலிருந்து பிரிந்து காற்றில் கலக்கும் நுண்ணிய கூறுகளால் உண்டாவது. வெப்பம் மிக்க காலத்தில் அக்கூறுகள் விரைந்து எழும். குளிர்காலத்தில் தயங்கி எழும். எனவே வேனிலுக்கு மெல்லிய மணமும், குளிருக்கு அகில், கத்தூரி போன்ற கனத்த மணமும் பொருந்துகின்றன. சந்தனக் குழம்போ உடலைக் குளிர்விப்பது. வாடையில் நடுங்குவார்க்கு அது வேண்டாததாயிற்று. இதனைப் பழந்தமிழர் நூல் கொண்டு கற்றாரல்லர், பட்டறிவால் அறிந்தனர்.

நக்கீரர் போகிற போக்கில் மற்றொரு செய்தியையும் தருகின்றார். அந்த வட்டக் கல் வடநாட்டார் கொணர்ந்தது. அதில் அரைக்கும் சந்தனம் தென்னாட்டு மலையில் விளைந்தது. வடக்கின் கருவியும் தெற்கின் மரமும் கூடியே நறுமணம் பிறந்தது. இக்கூட்டுறவு வேறொரு வடிவில் பிற்காலத்தும் தொடர்ந்தது. அதனைக் காணக் கன்னோசி நகருக்குச் செல்ல வேண்டும்.

கன்னோசி உத்தரப்பிரதேசத்தில் கங்கைக் கரையை அடுத்துள்ளது. ஏழாம் நூற்றாண்டில் ஹர்ஷ மன்னரின் தலைநகராய் விளங்கிற்று. சீன யாத்திரிகர் யுவான் சுவாங் அங்கு வந்து தங்கினார். பேரரசு மறைந்தது, கோட்டை மண்மேடாயிற்று. இன்று அவ்வூருக்குப் பெயர் தருவது அத்தர் என்னும் நறுமண எண்ணெயே.

அத்தர் வடிக்கும் முறை எளியது போலத் தோன்றும், கைவருதல் அரிது. ‘தேக்’ எனப்படும் பெரிய செப்புக் கொப்பரையில் மலரையும் நீரையும் இட்டு மூடி, விளிம்பைக் களிமண்ணால் பூசி அடைப்பர். மூடியிலிருந்து மூங்கிற் குழாய் ஒன்று சரிந்து இறங்கி, ‘பப்கா’ என்னும் நீண்ட கழுத்துடைய செப்புக் குடத்துட் புகும். குடம் நீர்த்தொட்டியில் அமர்ந்திருக்கும். அதனுள் சந்தன எண்ணெய் இருக்கும். அடுப்பில் விறகும் வரட்டியும் எரிய, மலரின் மணம் நீராவியோடு குழாய்வழிச் சென்று குடத்தில் குளிர்ந்து, சந்தன எண்ணெயிற் படியும். நீர் கீழே தங்கும்; எண்ணெய் மேலே மிதக்கும். நீரை அடியிலிருந்து வடித்து மீண்டும் கொப்பரையில் ஊற்றி, மறுநாள் புதுமலர் இட்டு முன்போலவே காய்ச்சுவர். எண்ணெய் மணத்தால் நிறையும்வரை இவ்வாறே நாள்தோறும் நடைபெறும்.

இத்தொழிலாளரிடம் வெப்பமானி இல்லை. குடத்தைக் கையால் தொட்டும், கொப்பரையுள் கொதிக்கும் ஓசையைக் காதால் கேட்டும் தீயைக் கூட்டுவர், குறைப்பர். தீ சற்று மிகுந்தால் மலர் கருகி அன்றைய உழைப்பு முழுதும் வீணாகும். தந்தையின் அருகிருந்தே மகன் இதனைக் கற்கின்றான்.

ஒவ்வொரு பருவத்திற்கும் ஓர் அத்தர் உண்டு. கோடைக்கு வெட்டிவேர். மழைக்கு மண்! ஆம், மண்ணிலிருந்தும் அத்தர் வடிக்கின்றனர். களிமண்ணைச் சிறு வில்லைகளாகச் செய்து அரைகுறையாகச் சுட்டுக் கொப்பரையில் இட்டால், காய்ந்த நிலத்தில் முதல் மழை விழும்போது எழும் மணம் அப்படியே எண்ணெயில் வந்து சேர்கின்றது. ஆஸ்திரேலிய அறிவியலாளராகிய பேர் அம்மையாரும் தாமசும் 1964-இல் இம்மணத்தை ஆராய்ந்து அதற்குப் ‘பெட்ரிக்கோர்’ என்று பெயரிட்டனர். மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ‘ஜியோஸ்மின்’ என்ற பொருளும் இம்மணத்திற்கு ஒரு காரணம். அப்பொருள் இலட்சங்கோடிப் பங்கில் சில பங்கே இருப்பினும் மனிதர் மூக்கு கண்டுகொள்ளும். ஆராய்ச்சியாளர் பெயர் சூட்டுமுன்பே கன்னோசித் தொழிலாளர் அம்மணத்தைக் குப்பியில் அடைத்து விற்று வந்தனர்.

மழை ஓய்ந்து வானம் தெளியும் பருவத்தை வடநாட்டார் சரத் காலம் என்பர். நம் கூதிரோடு ஏறத்தாழ ஒப்பது அது. அப்பருவத்திற்கு உரிய மலர் பவழமல்லிகை. பழந்தமிழ் நூல்கள் சேடல் எனக் கூறுவது இதுவே என்பர். வெண்ணிற இதழும் பவழநிறக் காம்பும் உடைய இம்மலர் மாலையில் விரிந்து, விடியற்காலையில் தானே உதிர்வது. மரத்திலிருந்து பறிக்க வேண்டுவதில்லை, நிலத்திலிருந்து பொறுக்கிக்கொள்ளலாம். ஆனால் வெயில் ஏறுமுன் பொறுக்கியாதல் வேண்டும். பொழுது ஏறினால் மலரும் வாடும், மணமும் போகும். ஓர் இரவே வாழும் அம்மலரின் மணத்தை எண்ணெய் பல்லாண்டு காக்கின்றது. குளிர் முற்றியபின் அணிவது சமாமா. மலர் மட்டுமன்றி வேரும் பட்டையும் நறுஞ்சரக்கும் பல கூட்டி வடித்தது. அது உடலுக்கு வெம்மை தரும் என்பது அணிவோர் நம்பிக்கை.

அத்தரை அணிதலிலும் ஒரு முறை உண்டு. ஆடைமேல் தெளித்தல் தகாது, கறை படியும். மணிக்கட்டிலும் காதின் பின்புறத்திலும் ஒரு துளி தடவினாற் போதும். உடலின் வெம்மை அதனைச் சிறிது சிறிதாக எழுப்பும். சிலர் பஞ்சில் தோய்த்துக் காதுமடலில் செருகிக்கொள்வர். சாராயத்திற் கரைத்த மேனாட்டு மணநீர் எடுத்த எடுப்பில் அறை முழுதும் பரவி விரைவில் அடங்கும். அத்தர் அருகில் வருவார்க்கே புலப்படும், நெடுநேரம் நிற்கும். பலர் கூடும் இடத்திற்கு இதுவே ஏற்றது.

அத்தருக்கு உயிர்நிலை சந்தன எண்ணெய். மெல்லிய மலர்மணத்தைப் பற்றி நிறுத்தும் ஆற்றலும், அதனை மறைக்காத அடக்கமும் அதற்கு உண்டு. அவ்வெண்ணெய் தமிழ்நாட்டிலும் கருநாடகத்திலும் உள்ள காடுகளில் வளர்ந்த மரங்களினின்று கிடைத்தது. சந்தன மரம் பிற மரங்களின் வேரைப் பற்றி உணவின் ஒரு பகுதியைப் பெறுவது. வயிரம் பாயப் பல்லாண்டு ஆகும். திருட்டு வெட்டும் நோயும் அம்மரத்தைக் குறைத்தன. 1998-இல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அதனை அழிவுக்கு இலக்காகும் இனங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. விலை ஏறவே, கன்னோசியில் பலர் கச்சா எண்ணெயிலிருந்து பிரித்த திரவப் பாரபினைக் குடத்தில் வார்க்கத் தலைப்பட்டனர். அதற்குத் தனக்கென மணமும் இல்லை; மணத்தைப் பிடித்துவைக்கும் திறமும் இல்லை. மலர் அதே மலர், கொப்பரை அதே கொப்பரை. அத்தர் மட்டும் பழைய அத்தர் அன்று.

முன்னர்த் தனியார் நிலத்தில் முளைத்த சந்தன மரமும் அரசுக்கே உரியதாயிருந்தது. ஆதலின் அதனை வளர்ப்பார் இலர். கன்று முளைத்தாலும் தொல்லையென்று கருதிக் களைந்தாரும் உண்டு. 2001-இல் கருநாடகமும் 2002-இல் தமிழ்நாடும் சட்டத்தைத் திருத்தி, நிலத்திற்கு உரியவரே மரத்திற்கும் உரியவர் என்றாக்கின. வெட்டுதற்கு வனத்துறையின் இசைவு வேண்டும். அதன்பின் உழவர் சிலர் தம் நிலத்தில் சந்தனக் கன்று நட்டு, பக்கத்திலேயே அதற்கு உணவளிக்கும் துணைச் செடியையும் வைத்து வளர்க்கின்றனர்.